புதைவடப் பணிக்கான நேர்காணல்: காரைக்குடி நாட்குறிப்பு

ஜூலை 5, 2025, சனி

வெளிமாநிலத்தில் மின் பகிர்மானம் செய்யும் ஒரு நிறுவனம் திட்ட மேலாளர் பணிக்கான நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. 11 கிலோவோல்ட் மேல்நிலைக் கம்பிகளைப் புதைவடமாக, அதாவது மண்ணுக்கடியில் செல்லும் மின்வடமாக, மாற்றுவதே அந்தத் திட்டம். நன்கு அறிந்த ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அங்கே இதை எவ்வாறு நிறைவேற்றுவேன் என்று புதன்கிழமை காணொளியில் விளக்க வேண்டும். செட்டிநாட்டையே எடுத்துக்கொண்டேன். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்ததிலிருந்து, எங்கள் பகுதித் தேரோடும் வீதிகளில் அண்ணாந்து பார்க்காமல் என்னால் நடக்க முடிவதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

கானாடுகாத்தான், பள்ளத்தூர் வீதிகளைச் சுற்றி வந்தேன். இங்கே ஒரு வீட்டின் முகப்பு ஒரு வீதியிலும் பின்கட்டு அடுத்த வீதியிலும் இருப்பதால், எந்தப் பக்கத்திலிருந்து இணைப்புக் கொடுப்பது என்பதையே வீடு வீடாக முடிவு செய்ய வேண்டியிருக்கும். பல வீடுகள் ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. ஆனால் திருமணமோ, முன்னோரை வழிபடும் படைப்போ வந்துவிட்டால் சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பங்காளிகள் வந்து இறங்க, அன்று மின்சுமை பன்மடங்காகும். சராசரியைப் பார்த்து வடத்தின் அளவைத் தீர்மானித்தால் முகூர்த்த நாளில் அது தாங்காது. மின்மாற்றி வைக்க வீட்டோரமாகச் சிறிது இடம் கேட்டாலும் பங்காளிகள் அத்தனை பேரின் ஒப்புதலும் வேண்டும். என் அட்டவணையில் மிக நீண்ட வேலை பள்ளம் தோண்டுவதன்று, இந்தக் கையொப்பங்களே.

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், "முகூர்த்தப் பட்டியலைப் பார்க்காம எல்.சி. கேட்டுறாதீங்க தம்பி" என்றார். எல்.சி. என்பது வேலைக்காக மின்தடத்தை நிறுத்தித் தரும் அனுமதி. அவர் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன்.

ஜூலை 7, திங்கள்

ஆடியில் முகூர்த்தம் இல்லை. வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில்தான் தொடங்குகிறது. ஆகவே நீண்ட மின்நிறுத்தம் தேவைப்படும் வேலைகளை ஆடியில் வைத்தேன். ஆவணியில் பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி, மாசி பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழா. அந்நாட்களில் அவ்வூர்களில் மின்நிறுத்தம் கிடையாது.

ஜூலை 9, புதன்

நேர்காணல் குழுவில் மூவர் இருந்தனர். வடச்சுருள்கள் மூன்று வாரம் தாமதமாகி மழையும் நெருங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டனர். சுருள் வந்து சோதனை முடியும்வரை பள்ளம் தோண்ட விடமாட்டேன் என்றேன். ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் ஆழத்தில் திறந்து கிடக்கும் பள்ளம் மழையில் சரியும்; நடப்பவர்களுக்கும் ஆபத்து. இரு மின்வடங்களை இணைக்கும் இடத்தினுள் ஈரம் புகுந்தால் அந்தப் பழுது மாதங்கள் கழித்துக்கூட வெளிப்படும். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் சும்மா இருக்கக் கூடாதென்பதற்காகத் தோண்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். அந்த வாரங்களில் இட ஒப்புதல்களையும் மின்மாற்றி மேடைகளையும் முடிக்கலாம்.

மற்றொருவர், புதைவடத்தால் மின்தடை குறையும் என்று உறுதியளிப்பீர்களா என்றார். தடைகளின் எண்ணிக்கை குறையும். ஆனால் மண்ணுக்குள் பழுது இருக்கும் இடத்தைக் கண்டறிய நேரம் பிடிப்பதால், ஒவ்வொரு தடையும் நீளக்கூடும் என்றேன். ஒரு வழி பழுதானால் மின்சாரம் கொடுக்க மாற்றுவழி ஊட்டமும் பழுதறியும் கருவியும் திட்டச் செலவிலேயே இடம்பெறாவிட்டால் மக்களுக்குப் பாதிப் பயனே கிட்டும் என்பதையும் அழுத்திச் சொன்னேன். அவர் நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தார்.

ஜூலை 14, திங்கள்

அடுத்த சுற்றுக்கு அழைப்பு வந்துவிட்டது. இம்முறை இயக்கப் பிரிவுத் தலைவருடன். மின்நிறுத்தத் திட்டமொன்றை முன்கூட்டியே அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவமனைக்கும் குடிநீர் ஏற்றும் மோட்டார்களுக்கும் செல்லும் ஊட்டிகளை (மின்சாரம் கொண்டுசெல்லும் தனித் தடங்களை) முதலில் பிரித்துவிட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். நிறுத்தத்துக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் களப் பொறியாளரிடம் இருக்குமா, தலைமை அலுவலகத்திடம் இருக்குமா என்பதை அவரிடம் நான் கேட்க வேண்டும்; அதற்கான விடையைப் பொறுத்தே இந்த வேலையை ஏற்பதா என்று முடிவு செய்வேன்.