பக்கக் கதவு

ஸ்காபரோவில் நான் வாடகைக்கு இருந்த பேஸ்மண்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் குடியை விட நினைப்பவர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. அங்கே நான் போகவில்லை. இரண்டு பஸ் மாறி, டான்ஃபோர்த் பக்கம் இருந்த ஒரு தேவாலயத்துக்குப் போனேன். அங்கே தமிழ் முகம் எதுவும் இருக்காது என்ற கணக்கு.

கனடா வந்த முதல் குளிர்காலத்திலேயே குடி கூடிவிட்டது. இரவு வேலை, பகலில் இருட்டு அறை, மனைவியும் பிள்ளையும் இன்னும் ஊரில். பிறந்தநாளோ சாமத்திய வீடோ, கார் நிறுத்தும் இடத்தில் யாராவது டிக்கியைத் திறந்து போத்தல் எடுப்பார்கள். எல்லாரும்தானே குடிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் காலையில் கை நடுக்கம் நிற்பதற்காகக் குடித்தவன் நான் மட்டும்தான். மனைவி வந்து சேர்ந்த பிறகு போத்தலை ஒளித்து வைக்கவும் பழகினேன்.

ஒருநாள் நானாகவே விட்டுவிடுவேன் என்று குடும்ப வைத்தியரிடம் சொன்னபோது அவர் பதறிவிட்டார். நாள்தோறும் நிறையக் குடித்த உடம்பு. ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம் என்றார். மாத்திரை தந்து, அடிக்கடி வரச்சொல்லிக் கவனித்தார். இதை வாசிப்பவர் யாரும் வீம்புக்காகத் தனியே நிறுத்திப் பார்க்க வேண்டாம். முதலில் வைத்தியரிடம் போங்கள். கூட்டம் அதற்குப் பிறகு.

ஏஏ, அதாவது 'அல்கஹோலிக்ஸ் அனானிமஸ்' என்ற பெயரை அவர்தான் சொன்னார். குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் அமைப்பு அது. எங்கே, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் போனில் அவர்களின் செயலியிலேயே கிடைத்தது. 'ஓப்பன்' என்று போட்டிருந்தால் யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாம். 'குளோஸ்ட்' என்றால் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் சேருவதற்கான தகுதி. விசா என்ன, வேலை என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை.

தேவாலயம் என்பது எனக்கு இடறியது. மதம் மாற்றப் பார்ப்பார்களோ என்று பயந்தேன். அவர்கள் அங்கே வாடகைக்குத்தான் இருக்கிறார்கள். கூட்டத்தில் ஒரு கூடை சுற்றி வரும். இருப்பவர்கள் இரண்டு டொலர், மூன்று டொலர் போடுவார்கள். அதில்தான் வாடகையும் கோப்பியும். புதிதாக வந்தவன் போடத் தேவையில்லை என்று கூடையை என்னைத் தாண்டி நகர்த்தினார்கள். கடவுள் என்ற சொல் அடிக்கடி வரும், 'நாம் புரிந்துகொண்டபடி' என்ற அடைமொழியோடு. நான் நல்லூர் முருகனை நினைத்துக்கொண்டேன். யாருக்கும் அதில் மறுப்பில்லை.

1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் தொடங்கியது இது. இருவருமே குடியால் நொந்தவர்கள். அந்த மருத்துவருக்கு மற்ற மருத்துவர்கள் சொல்லிக் கேட்காத காது, இன்னொரு குடிகாரன் சொன்னபோது கேட்டது. எனக்கும் அப்படித்தான். பனிக்காலணி ஈரத்தோடு மடக்குக் கதிரையில் இருந்த ஒரு லாரி ஓட்டுநர், தான் போத்தலை ஒளித்த இடங்களைச் சொல்லிக்கொண்டு போனார். பாதி இடங்கள் என்னுடையவை.

என் முறை வந்ததும் பெயரைச் சொல்லி, 'ஐ ஆம் ஆன் அல்கஹோலிக்' என்றேன். எளிதாக வந்தது. அந்த ஆங்கிலச் சொல் என்னைச் சுடவில்லை. 'குடிகாரன்' என்பது வேறு. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அம்மா பேசும்போது வாயிலிருந்து துப்பிய சொல் அது. அதை மனைவியிடம் என்னைப் பற்றியே சொல்ல என்னால் முடியவில்லை.

மூன்றாவது வாரம் பக்கக் கதவால் உள்ளே நுழைந்தால், கோப்பி மேசையில் ஒரு தமிழர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். திரும்பிப் போகத்தான் கால் எடுத்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"தம்பி, கோப்பியோ, தேத்தண்ணியோ?"

அவ்வளவுதான். நம்மவர் இருவர் சந்தித்தால் முதலில் வரும் கேள்வி 'எந்த ஊர்?' ஊரைச் சொன்னால் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தைச் சொன்னால் மாமன் மச்சான் வரை போய்விடும். அவர் கேட்கவில்லை. வெளியில் கடையில் கண்டால்கூட நீங்கள் முதலில் பேசாமல் நான் பேச மாட்டேன் என்றார். பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பதைச் சுவரில் மாட்டிய வாசகமாக மட்டும்தான் அதுவரை பார்த்திருந்தேன்.

அப்புறம் அவர் காரில்தான் வீட்டுக்குப் போவேன். தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்பார்கள். எனக்கு எழுபது வரை முடிந்தது. இரவு வேலை உள்ள நாட்களில் காலை ஒன்பதரைக்கு இணையத்தில் சென்னைக் கூட்டம் ஒன்றில் சேர்வேன்; அவர்களுக்கு அப்போது மாலை ஏழு மணி. அங்கே எல்லாரும் தமிழில் பேசினார்கள். நான் இரண்டு வாரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

முதலில் அந்தச் சொல்லைத் தமிழில் சொன்னது மார்க்கம் வீதி சிவப்பு விளக்கில், அண்ணையின் காரில். "அண்ணை, நான் ஒரு குடிகாரன்" என்றேன். "ஓம் தம்பி, நானும்தான்" என்றார். விளக்கு பச்சையானது.

அன்றிரவே மனைவியிடம் சொன்னேன். அவள் நிறைய நேரம் பேசவில்லை. பிறகு, குடிப்பவர்களின் குடும்பங்களுக்கென்று அல்-அனோன் என்று தனியாக ஒன்று இருக்கிறதாமே, அது எங்கே நடக்கிறது என்று கேட்டாள். எனக்குத் தெரியாமல் எங்கிருந்தோ விசாரித்து வைத்திருக்கிறாள். இப்போது வியாழக்கிழமைகளில் அவள் அங்கே போகிறாள். நான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன்.