மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படம் எடுங்கள்

கண்ணீர் குறைந்தோ சீக்கிரம் காய்ந்தோ போகும் உலர்கண் நோய்க்கான சோதனையில் பாதி வேலை அறையைத் தயார் செய்வதுதான். செட்டிநாட்டு வீடுகளில் முகாம் போட்டால் இது முதல் அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிடும். வளவு எனும் நடுமுற்றத்தைச் சுற்றிய பத்தியில் நிழலும் காற்றும் உண்டு, காத்திருப்பவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. படம் எடுக்க மட்டும் அது ஆகாது. முற்றத்து வெளிச்சம் கருவிழியில் பட்டால், கருவி அங்கே வீழ்த்தும் பிளாசிடோ ஒளி வளையங்களை ஒரு வெள்ளைத் திட்டு மறைக்கும். கண்ணீர்ப் படலம் அங்கே உடைந்துவிட்டதாக மென்பொருள் கணக்குச் சொல்லும். உள்ளறையில் கதவைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். வெயிலில் பஸ் பிடித்து வந்தவர் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து ஆறட்டும்.

"ஆச்சி, ரெண்டு தடவ இமைச்சுட்டு, அப்படியே நேரா பாருங்க." வளையம் எத்தனை நொடியில் நெளிகிறது என்பதே கணக்கு. 10 நொடிக்குக் குறைந்தால் சந்தேகப்படலாம். மூன்று முறை எடுக்க வேண்டும். முதல் முறையே பல்லைக் கடித்துக்கொண்டு விழித்திருப்பவர்களுக்குக் கண்ணீர் பெருகிவிடும், அடுத்த அளவு பொய்யாக நன்றாக வரும். இடையில் ஓரிரு நிமிடம் விடுவது நல்லது. கீழிமை ஓரக் கண்ணீர் விளிம்பின் உயரத்தைக் கண் பாப்பாவுக்கு நேர் கீழே அளக்கிறோம், 0.2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நீர் போதவில்லை. வயதானவர்களுக்கு வெண்படலம் மடிந்து கிடந்தால் இந்த அளவை நம்ப முடியாது.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நேரே வருபவர்களிடம் கண்ணீரின் மேலே மிதக்கும் கொழுப்படுக்கின் படம் எடுக்காதீர்கள். இமையில் தங்கிய நல்லெண்ணெய் கண்ணீரில் மிதந்து, இல்லாத கொழுப்பை இருப்பதாகக் காட்டும். கண்மையும் அப்படித்தான். சொட்டு மருந்து போட்டு 2 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

இமைக்குள் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளை அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்கும் மெய்போகிராபியில்தான் அதிகத் தவறு நடக்கிறது. மேலிமையை முழுதாகப் புரட்டாமல் எடுத்தால் மேற்பாதிச் சுரப்பிகள் மடிப்புக்குள் மறைந்துவிடும், அழிந்ததாக எழுதிவிடுவார்கள். புரட்டிய பரப்பில் ஈரம் பளபளத்தால் அகச்சிவப்பு ஒளி திருப்பியடித்து வெள்ளைத் திட்டாகும். பஞ்சால் ஒற்றி, கருவியைச் சற்றே சாய்த்து மறுபடி எடுக்கலாம். மூன்றில் ஒரு பங்குக்குள் இழப்பென்றால் மதிப்பெண் 1, மூன்றில் இரண்டு வரை 2, அதற்கு மேல் 3. படத்தில் சுரப்பி நீளமாக, அழகாக இருந்தும் அதற்குள் நெய் உறைந்து கிடக்கலாம். ஆகவே இமை ஓரத்தை விரலால் அழுத்தி, வருவது தெளிந்த எண்ணெயா, பற்பசை போன்றதா என்று பார்க்காமல் அறிக்கையில் கையெழுத்துப் போடுவது சரியில்லை.

இமையை அழுத்துவதும், சாயம் இடுவதும், கண்ணீர் ஊறும் அளவைக் காட்டும் ஷிர்மர் தாளும் எப்போதும் கடைசி. இமையைப் பிதுக்கிய பிறகு எடுத்த கொழுப்படுக்குப் படம் எதற்கும் உதவாது. ஃப்ளூரசீன் சாயத் தாளை ஒரு சொட்டு உப்புநீரில் நனைத்து, உதறிவிட்டுத் தொட வேண்டும். சாயம் மிகுந்தால் ஒளிர்வு மங்கும். நீல ஒளியில், பார்க்கும் பக்கம் மஞ்சள் வடிகட்டி வைத்தால், வெண்படலத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும் சாயப் புள்ளிகளும் தெரியும்.