திருக்கோலக்காவில் ஒரு கைத்தாளம்

சீர்காழி சட்டைநாதர் கோயிலிலிருந்து மேற்கே சுமார் ஒரு கிலோமீட்டரில் திருக்கோலக்கா. சுவாமி தாளபுரீசுவரர், அம்பாள் ஓசை கொடுத்த நாயகி. பேச்சு வராத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் தேடி வரும் தலம். மூளை முடக்குவாதம் உள்ள என் மகளோடு நானும் போனேன். எட்டு வயதாகிறது. நடையில்லை, பேச்சில்லை. சிரிப்புக்கு மட்டும் குறைவில்லை.

சீர்காழிக் குளக்கரையில் அம்பிகை ஊட்டிய பாலை உண்டு பாடத் தொடங்கிய ஞானசம்பந்தர், அடுத்து வந்தது இங்கேதான். மூன்று வயதுப் பிள்ளை, ‘மடையில் வாளை பாய’ என்று கையைத் தட்டித் தட்டிப் பாடியது. பிஞ்சுக் கை நோகுமே என்று இரங்கிய சுவாமி, ஐந்தெழுத்துப் பொறித்த பொற்றாளம் தந்தார். பொன்னில் நாதம் ஏது? அம்பாள்தான் அதற்கு ஓசை கொடுத்தாள். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைந்துவிடும். எங்கள் வீட்டுக்கும் சக்கர நாற்காலி வந்தது. அதில் பிள்ளை சரியாமல் உட்கார, இரண்டு பக்கமும் தலையணை தைத்து வைத்தது நான்தான். கொடுத்த பொருள் பிள்ளைக்கு உதவுகிறதா என்று பார்ப்பவள் தாய்.

மகளின் இடது கை எப்போதும் இறுகி மூடியே இருக்கும், கட்டைவிரல் உள்ளே மடங்கி. விரலைப் பிடித்து இழுக்கக் கூடாது. மணிக்கட்டை மெல்லக் கீழே மடக்கினால் பிடி தானே தளரும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அம்பாள் சன்னதியில் அப்படியே கையைத் தளர்த்தி, என் கைக்குள் வைத்து, பதிகம் பாடியபடி தாளம் போட்டோம். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். வார்த்தை எதுவும் வரவில்லை.

அம்பாளுக்கு அபிஷேகம் செய்த தேனைப் பிள்ளைகள் நாவில் தடவுவது இங்கே வழக்கம். மகளுக்கு விழுங்கச் சிரமம் என்பதால் விரல் நுனியில் தொட்டு வைத்தேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. கோயிலுக்குப் போகிறோம் என்று பேச்சுப் பயிற்சியையும் யாரும் நிறுத்திவிடாதீர்கள்.

‘போன ஜன்மத்துப் பாவம்’ என்று சொந்தபந்தங்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு மனம் புண்ணாகியிருக்கிறேன். இனி கேட்க மாட்டேன். ஓசை வராத தாளத்தை அம்பாள் பாவம் என்று ஒதுக்கினாளா?

பிராகாரத்தில் இன்னொரு அம்மா. மகனுக்கு ஆட்டிசம். மணிச் சத்தம் தாங்காமல் அவன் காதைப் பொத்திக்கொள்ள, வெளியே கூட்டிப் போய், மணி நின்றதும் திரும்ப அழைத்து வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்ட முதல் கேள்வி, “ராத்திரி தூங்க விடுறாளாக்கா?”

“ரெண்டு தடவை எழுந்து புரட்டிப் படுக்க வைக்கணும்மா. நீ?”

“அவன் தூங்குனாத்தான் நான்.”

இருவரும் வெகுநேரம் பேசினோம். தூக்கம், பள்ளிக்கூடம், நமக்கு அப்புறம் இதுகளை யார் பார்ப்பார்கள் என்பது வரை. அந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. அதை அம்பாளிடம்தான் சொல்லிவிட்டு வந்தோம். மகளுக்குப் பேச்சைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். கூடவே, வளர்கிற பிள்ளையைத் தூக்க என் இடுப்புக்குத் தெம்பு கொடு தாயே என்றும் கேட்டேன்.