ஒன்பது இலக்க எண்

வேறொரு வேலையாகச் சென்றிருந்த அலுவலகத்தின் வரவேற்பறையில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் அறிவிப்பு மாட்டப்பட்டிருந்தது.

தலைவரின் பெயருக்கு நேரே இருந்த கைபேசி எண்ணில் ஒன்பது இலக்கங்களே இருந்தன.

காகிதம் நன்றாகப் பழுத்திருந்தது. அத்தனை காலமும் அந்த எண்ணை எவரும் அழைக்கவில்லையா, அல்லது அழைத்துப் பார்த்துவிட்டு அத்துடன் விட்டுவிட்டார்களா?

வரவேற்பாளரிடம் சுட்டிக்காட்டினேன். "இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்லைங்க" என்றார், சற்றே பெருமையுடன்.

1992 இல் ராஜஸ்தானில் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளான அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவிக்கு நேர்ந்ததை முன்னிட்டுத் தொடரப்பட்ட வழக்கில்தான், 1997 இல் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான விசாகா நெறிமுறைகளை வகுத்தது; அது சட்டமாவதற்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் இக்குழு கட்டாயம். அதில் வெளியிலிருந்து ஒருவர் இடம்பெற வேண்டும் என்ற விதியையே நான் பெரிதாகக் கருதுகிறேன், ஏனெனில் மேலாளரின் முகக்குறிப்பைப் பார்த்துப் பதவி உயர்வுக்காகக் காத்திருக்கும் நிலையில் அவர் இல்லை.

புகாரை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் அளிக்க வேண்டும். தக்க காரணமிருந்தால் குழு மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். அதுவரை அதே மேலதிகாரியின்கீழ் வேலை செய்யத்தான் வேண்டும் என்பதில்லை, இடமாற்றமோ விடுப்போ கோரலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

புகாரே முதலாளி மீது என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் அதே குழுதான்.