நாலாவது படியில் கொட்டிய எண்ணெய்

குளியலறையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு சுளுக்குதான். இரண்டு வாரம் கட்டோடு இருக்கச் சொன்னார்கள். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி, அடுப்புக்கு முன்னால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. கண்ணாடியை வேறு மாற்ற வேண்டும், ஆறு மாதமாக 'அடுத்த வாரம்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆக, கணக்குப் பார்த்தால் வீட்டில் இருப்பது ஒரே ஒரு சமையல்காரர். அதுவும் இரண்டு பேரிடம் பாதிப் பாதியாக.

மூன்று நாள் ஓட்டல் சாப்பாடு வாங்கியதும் அம்மா தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட ஆரம்பித்தார். அப்போதுதான் கைபேசியில் அந்த விளம்பரம் வந்தது. சமையலுக்குத் தேவையான எல்லாம் அளந்து, பெட்டியில் போட்டு, வீட்டுக்கே வரும். கூடவே படம் போட்ட செய்முறை அட்டை. '30 நிமிடம், மிக எளிது.' முதல் பெட்டிக்குப் பாதி விலை. நான் மயங்கிவிட்டேன்.

பெட்டி வந்தது. திறந்தால் உள்ளே இன்னொரு வெள்ளிப் பை, அதற்குள் காகிதப் பை, அதற்குள் குட்டிக் குட்டிப் பொட்டலங்கள், எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு ஜெல் ஐஸ் பைகள். அம்மா ஒரு சின்ன உறையை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"என்னடா இது, ரெண்டு பல் பூண்டு. இதுக்கு ஒரு உறையா?"

குப்பையைப் பற்றி அவர் ஆரம்பிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். 2019இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஐந்து உணவுகளை எடுத்து, பெட்டியில் வந்ததையும் கடையில் பொருள் வாங்கிச் சமைப்பதையும் ஒப்பிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் கடையில் வாங்கிச் சமைத்ததில்தான் பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயு 33 சதவீதம் அதிகம். உறைகள் கூடுதல்தான், ஆனால் அளந்து வருவதால் வீணாவது குறைவு. இதையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு, அதாவது நிஜமாகவே கட்டிக்கொண்டு, விளக்கினேன்.

"நான் என்னிக்குடா பூண்டை வீணாக்கினேன்?" என்றார் அம்மா. ஆய்வு அத்தோடு முடிந்தது.

சரி, சமையல். ஏற்பாடு இதுதான்: அம்மா உட்கார்ந்தபடி நறுக்குவார், நான் நின்றபடி கிளறுவேன், அட்டையைப் படிப்பதும் நான்தான். எழுத்து எறும்பு ஊர்வது போலிருந்தது. என் கண்ணுக்கே அப்படியென்றால் அம்மாவுக்கு அது வெறும் கோடு.

முதல் வரியிலேயே தகராறு. 'பொடியாக நறுக்கிய வெங்காயம் 1, உரித்து நசுக்கிய பூண்டு 2 பல், சீவிய கேரட் 2.'

"யார் நறுக்கினது? யார் உரிச்சது?" என்றார் அம்மா, முழு வெங்காயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு.

நியாயமான கேள்வி. செய்முறை எழுதுகிறவர்களின் பழைய தந்திரம் இது. பாதி வேலையைப் பொருள் பட்டியலுக்குள் ஒளித்துவிடுவார்கள், கடிகாரம் அதற்குப் பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். அந்த 30 நிமிடத்தில் எங்களுக்கு 25 நிமிடம் நறுக்குவதற்கே போய்விட்டது. நறுக்கியே அனுப்புகிற பெட்டிகள் உண்டு, சூடு மட்டும் செய்தால் போதும் என்கிற வகையும் உண்டு என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவசரத்தில் 'மிக எளிது' என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திவிட்டேன். யாருக்கு எளிது என்று கேட்டிருக்க வேண்டாமா? இரண்டு கை, நல்ல கண், நிற்கிற கால், இத்தனையும் இருப்பவருக்கு எளிது.

ஆனால் நிஜமான எதிரி வெங்காயம் இல்லை, எண்ணெய் உறைதான். ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு, பக்கத்தில் அம்புக்குறி, 'இங்கே கிழிக்கவும்.' இடது கையால் பிடித்தால் கிழிக்க வலது கை இல்லை. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் இடுக்கிப் பார்த்தேன், நழுவியது. அம்மா பார்த்தார், அவர் கண்ணுக்கு வெட்டு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. கத்தரிக்கோலைத் தேடினேன், அது தேடும்போது என்றைக்குக் கிடைத்தது? கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன். உறை கிழிந்தது. குறுக்கே இல்லை, நெடுக்கே. எண்ணெயில் பாதி சட்டையில், மீதி செய்முறை அட்டையில். அதுவும் சரியாக நாலாவது படியின் மேல். மை கரைந்து, வாணலி படமும் எழுத்தும் ஒன்றாகக் குழைந்துவிட்டன.

மூன்றாவது படியில் காய்களை வதக்க வேண்டும், ஐந்தாவது படியில் எலுமிச்சை பிழிந்து பரிமாற வேண்டும். நடுவில் என்ன? மேடையில் மிச்சம் இருந்தவை வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு டப்பா, தக்காளி விழுது, காய்கறிச் சாறுத் தூள் ஓர் உறை.

"எல்லாத்தையும் போட்டுக் கொதிக்க விடு. அளந்துதானே அனுப்பியிருக்கான்" என்றார் அம்மா. அறுபது வருடமாகக் கண் அளவில் சமைத்தவர் இன்னொருவர் அளவை நம்பியது அன்றைக்குத்தான்.

ஒன்றே கால் மணி நேரம் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். முதல் வாய் வைத்ததும் இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீர்ச் செம்புக்குக் கை நீட்டினோம். கடலே வாணலிக்குள் வந்துவிட்டது போல உப்பு.

ராத்திரி சும்மா இருக்காமல் அந்தப் பெட்டிக்காரர்களின் செயலியைத் திறந்தேன். அதே அட்டை அங்கேயும் இருந்தது, எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கவும் முடிந்தது. முன்னாலேயே பார்த்திருக்கலாம். படி 4: 'தூளில் பாதியை மட்டும் சேர்க்கவும். உப்பு சரிபார்த்த பிறகு, தேவைப்பட்டால் மீதி.'

கீழே இன்னொரு வரி. அடுத்த வாரப் பெட்டி வேண்டாமென்றால் சொல்வதற்கான கெடு நேற்று ராத்திரியோடு முடிந்திருந்தது. முழு விலையில் வந்துகொண்டிருக்கிறது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கூடத்துக்கு வந்தேன். ஃபிரீசரில் போட்டு வைத்திருந்த ஜெல் பைகளில் ஒன்றைத் துணியில் சுற்றி, முழங்காலில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். இன்னொன்று என் மணிக்கட்டுக்காக மேசையில் காத்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"வரட்டும்டா" என்றார். "இன்னொரு முழங்காலுக்கு வேணும்ல?"