குகை வீட்டின் பத்திரம் ராசிபுரத்தில் கிடைத்த கதை

சேலம் குகையில் இருக்கும் எங்கள் பழைய வீட்டை விற்கப் பேசி முடித்ததும், வாங்குபவரின் வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "1982-க்கு முன்னாடி இது யார் பேர்ல இருந்துச்சுங்க, எப்படி வந்துச்சுங்க?"

கையில் இருந்தவை கொள்ளுத்தாத்தா 1934-ல் வாங்கிய கிரயப் பத்திரமும், தாத்தா 1982-ல் அப்பாவுக்கு எழுதிக்கொடுத்த செட்டில்மெண்ட் பத்திரமும் (குடும்பத்துக்குள் சொத்தை எழுதிக்கொடுப்பது). கொள்ளுத்தாத்தாவுக்கு மூன்று மகன்கள். அதில் தாத்தாவுக்கு மட்டும் வீடு எப்படி வந்தது என்பதற்குக் காகிதம் இல்லை. "பூர்வீகமாகப் பாத்தியப்பட்டு என் சுவாதீன அனுபவத்தில் இருந்துவரும்" என்று ஒரே வரியில் செட்டில்மெண்டை முடித்திருக்கிறார் பத்திர எழுத்தர். அந்த இடத்தில் ஒரு பத்திர எண்ணும் வருஷமும் எழுதியிருந்தால் எனக்கு இந்த அலைச்சலே இல்லை.

1975-க்குப் பிறகான வில்லங்கம், அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் சான்று, இணையத்திலேயே கிடைத்தது. அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகம் போனேன். டவுன் சர்வே எண் (நகர நில அளவை எண்) இல்லாமல் தேட முடியாது என்று திருப்பி அனுப்பினார் அங்கிருந்த எழுத்தர். சரி என்று டவுன் சர்வே பதிவேட்டு நகல் வாங்கிக்கொண்டு போனால், "இந்த நம்பரெல்லாம் அந்தக் காலத்துப் புத்தகத்துல இருக்காதுங்களே" என்கிறார் அதே மனுஷன்! பழைய பத்திரத்தில் வார்டும் பழைய கதவு எண்ணும் நான்கு எல்லையும்தான் இருக்கும் என்று அவருக்கு முதல் நாளே தெரியாதா? கடைசியில் 1934 கிரயத்தை மட்டும் காட்டி, மற்றபடி ஒன்றும் இல்லை என்று வில்லங்கம் கொடுத்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தது பெரிய அத்தை. "பாகம் பிரிச்சது ராசிபுரத்துல தான்டா. தோட்டமெல்லாம் அங்கதான இருந்துச்சு, எல்லாரும் மாட்டு வண்டியில போனாங்க" என்றார். வக்கீலிடம் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு பத்திரத்தில் பல ஊர்ச் சொத்து இருந்தால், அதில் ஏதாவது ஒரு சொத்து இருக்கும் எல்லையில் பதிந்தால் போதும். பதிவுச் சட்டத்தின் 28-ம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அப்படிப் பதிந்த அலுவலகம் மற்ற அலுவலகத்துக்கு ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும், அங்கே அதைக் கோப்பில் சேர்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ராசிபுரமும் சேலம் மாவட்டம்தான். நாமக்கல் பிரிந்தது 1997-ல். எங்கள் விஷயத்தில் அந்தக் குறிப்பு வரவில்லையா, வந்து தொலைந்ததா, யாரும் சொல்லவில்லை. சேலம் அலுவலகத்தில் கேட்டதற்கு, "அது வேற மாவட்டங்க" என்று பதில்.

ராசிபுரத்தில் சர்வே எண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. கொள்ளுத்தாத்தா, மூன்று மகன்கள் பெயரையும் எழுதிக் கொடுத்துப் பெயர் அட்டவணையில் பார்க்கச் சொன்னேன். 1953 பாகப்பிரிவினை கிடைத்துவிட்டது. தாத்தாவின் பங்கைச் சொல்லும் 'பி' ஷெட்யூலில், தோட்டத்துக்கும் கிணற்றுப் பங்குக்கும் கீழே, குகை வீடு. நான்கு எல்லையும் 1934 பத்திரத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. அந்த நகலை வாங்கியபோது வந்த நிம்மதி, வீடு விற்ற பணம் கைக்கு வரும்போதுகூட வருமா தெரியவில்லை.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: குடும்பத்துக்கு வேறு எந்த ஊரில் நிலம் இருந்தது? அந்த ஊர் அலுவலகத்திலும் தேடுங்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் ஒன்றாம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். முடியாது என்று சொன்னால் பதிவுச் சட்டத்தின் 57-ம் பிரிவைச் சொல்லுங்கள். உயில் வழியாக வந்த சொத்து என்றால் வில்லங்கத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். உயிலைப் பதிய வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. பதிந்தாலும் அது உயில்களுக்கான மூன்றாம் புத்தகத்துக்குப் போய்விடும், வில்லங்கத்தில் வராது. தேடும்போது இனிஷியலையும் தகப்பன் பெயரையும் பழைய பத்திரத்தில் இருக்கிறபடியே எழுதிக் கொடுங்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒரு மாதிரி இருந்தது.

வக்கீல் நகலைப் பார்த்து ஒப்புக்கொண்டார். இப்போது பட்டா பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். டவுன் சர்வே பதிவேட்டில் இன்னும் தாத்தா பெயர்தான் இருக்கிறது.