மாடியில் ஒருத்தி

ஜூலை 4
புது நாய்க்குட்டி வந்துவிட்டாள். மாடி அறையில் இருக்கிறாள். பெயர் வைக்கவில்லை.

ஜூலை 5
கீழே ரெண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. மணி படிக்கட்டடியில் நின்று வாலாட்டுகிறாள். கருப்பன் நிலைப்படியை விட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டான். இவர்களுக்கு ஊசியெல்லாம் போட்டிருக்கிறது டாக்டர் என்றேன், "இருக்கட்டும்மா, ரெண்டு வாரம் தனியா வைங்க" என்றார். பார்வோ, நாய்களுக்கு வரும் அந்த ரத்தக் கழிச்சல் நோய், தொற்றினாலும் வெளியே தெரிய ஒரு வாரம்கூட ஆகலாம். பினாயிலுக்கு அந்தக் கிருமி அடங்காது, பிளீச்சிங் தண்ணீர்தான், மண்ணில் விழுந்தால் மாதக்கணக்கில் கிடக்கும். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாடிக்குத் தனிச் செருப்பு வைத்துவிட்டேன். அந்த நாற்றம் இந்த வீட்டில் மறுபடி வரக்கூடாது.

ஜூலை 8
மலம் கெட்டியாகப் போனாள். இதை எழுதவும் ஒரு டைரி!

ஜூலை 17
நன்றாகச் சாப்பிடுகிறாள், குதிக்கிறாள். அவள் படுத்த துண்டைக் கீழே கொண்டுவந்து போட்டேன். மணி அதன்மேலேயே புரண்டாள். கருப்பன் மோந்து பார்த்துவிட்டு ஒரு தும்மல் போட்டான். சகுனம் சரியில்லை என்கிறார் அப்பா.

ஜூலை 19
கண்மாய்க் கரையில் வைத்துச் சந்திக்க விட்டோம், வீட்டு வாசலில் என்றால் அது கருப்பனின் எல்லை. தம்பி அவளைப் பிடித்துக்கொள்ள, நான் கருப்பனோடு, நடுவில் நல்ல இடைவெளி விட்டு ஒரே திசையில் நடந்தோம், நேருக்கு நேர் விடவே இல்லை, கயிற்றை இழுத்துப் பிடிக்காதேடா என்று அவனிடம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. முதலில் கருப்பனுக்கு முதுகு மயிர் சிலிர்த்தது, வால் கம்பி மாதிரி நின்றது. திரும்பும்போது கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி அவளுடைய பின்பக்கம் மோந்தான். மல்லாந்து மூத்திரம் போய்விட்டாள் கழுதை. அப்புறம் அவன் புல்லைத்தான் மோந்துகொண்டு வந்தான்.

ஜூலை 20
வீட்டுக்குள் அவனுடைய காதைக் கடிக்கப் போனாள், உறுமினான். அப்பா செய்தித்தாளைச் சுருட்டி "ச்சீ, சும்மா இரு" என்று ஓங்க, நான் அப்பாவைக் கத்திவிட்டேன். கிட்டே வராதே என்று அவன் வேறெப்படித்தான் சொல்வான்? அதையும் அடக்கிவிட்டால் நாளைக்குச் சொல்லாமல் கடிப்பான். தட்டுகள் தனித்தனி அறையில், கதவு சாத்தி.

ஜூலை 22
கருப்பன் சாப்பிடவில்லை. வீம்பா, உண்ணிக் காய்ச்சலா? ஈறு வெளுத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், கறுத்த ஈறில் என்ன தெரியும். காதுக்குள், விரலிடுக்கில் எல்லாம் தேடினேன், உண்ணி இல்லை. இல்லாவிட்டால் மட்டும் நிம்மதியா, கடித்துவிட்டு விழுந்திருக்கலாமே. மாடி அறைக்கே அவளைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ராத்திரி முழுக்கக் கொல்லைக் கதவைத் திறந்து திறந்து பார்த்தேன்.

ஜூலை 23
ஈரல் சாப்பிட்டான். அப்பா கையால்!

ஜூலை 25
அப்பா அவளை வெள்ளச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் வேறு பெயர் யோசித்து வைத்திருந்தேன், சரி.

ஜூலை 26
நாளை வெள்ளச்சிக்கு வெறிநாய்த் தடுப்பூசி. கருப்பனுக்கும் ரத்தம் பார்த்துவிடலாம், ஆனால் ரெண்டையும் ஒரே ஆட்டோவில் ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை. தம்பி போனை எடுக்கமாட்டேன் என்கிறான்.